இளஞ்செழியன் நினைவுக் கோப்பை

எங்க சங்கத்துப் பந்தயம் ஒரு வருஷம்கூட லேட்டா ஆரம்பிச்சது கிடையாதுங்க. நோட்டீஸ்ல காலைல ஒம்பதுன்னு போட்டிருந்தா ஒம்பதுக்குக் கொடி இறங்கிரும், தலைமை விருந்தினர் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. பதினேழு வருஷமா நாந்தானுங்க செயலாளர். பேரு குருமூர்த்தி, வெண்ணந்தூர்ல பைக் ஸ்பேர்ஸ் கடை. கடையைத் திறக்க மறந்திருக்கேன், சங்கத்து வேலையை ஒரு நாளும் மறந்ததில்லை. நீங்க எழுதிக்குங்க ஐயா, நான் மெதுவாவே சொல்றேன்.

மண்தட மோட்டார் பந்தயச் சங்கம்னு பேருதான் பெருசு. உள்ளது குத்தகைக்கு எடுத்த, வானம் பார்த்த ஒரு மேட்டாங்காடு. அதுல மண்ணைக் கொட்டி மேடும் பள்ளமுமா ஒரு தடம் போட்டு, தை மாசம் பைக் ரேஸ் விடுவோம். லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டுற ஒரு கம்பெனிதான் பதிமூணு வருஷம் எங்களுக்கு ஸ்பான்சர். கோப்பையில அவங்க பேரு, பேனர்ல அவங்க பேரு. வளைவுல அடுக்கி வெக்கிறதுக்குப் பழைய டயரும் அவங்களே குடுத்தாங்க. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆவணியில முதலாளி கூப்பிட்டுக் காபி குடுத்து, "போதுங்க குருமூர்த்தி, இனி எங்களால ஆகாது"ன்னாரு. அவர்மேல தப்பே இல்லை. அடுத்த வாரம் லாரி அனுப்பி டயரையும் எடுத்துக்கிட்டாரு.

ஏழெட்டுப் பேரைப் போய்ப் பார்த்தேன். தீவனக் கம்பெனி, போர் போடற ரிக் வண்டிக்காரங்க, ஜவுளிக்கடை. எல்லாரும் ஒரே கேள்வி, "இதனால எங்களுக்கு என்னங்க லாபம்?" லாபம் பார்க்கிறவன் என்னைக்காவது ஒரு நாள் போயிருவான். அந்தச் சமயத்துல ஒரு வேலையா அயோத்தியாப்பட்டணம் போயிருந்தேன். டீக்கடைக்கு எதிர்ல கபடி பேனர் கட்டியிருந்தாங்க. செத்துப்போன ஒரு பையன் பேருல நினைவுக் கோப்பை, பதினெட்டாம் ஆண்டு. நம்ம பக்கம் ஊருக்கு ஊரு இது உண்டு, உங்களுக்கே தெரியும். மேல பையன் போட்டோ சிரிச்சுக்கிட்டு இருக்கும், கீழ அப்பா பேரு இருக்கும். அந்த அப்பாமாருங்க லாபம் கேக்கறதில்லை. நிறுத்தறதும் இல்லை. நிறுத்தினா பையன் இன்னொருக்கா செத்த மாதிரி ஆயிரும்னு பயப்படுவாங்க. டீ ஆறிப்போற வரைக்கும் அந்த பேனரையே பார்த்துக்கிட்டு நின்னேன். எங்க கோப்பைக்கு மேல போட ஒரு பேரு இல்லை, அவ்வளவுதான் விஷயம்னு அப்பத்தான் புரிஞ்சுது.

அருணகிரின்னு ராசிபுரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர். அவரையும் நான் ஸ்பான்சர் கேட்டிருந்தேன். "பேரெல்லாம் நமக்கு எதுக்குங்க"ன்னுட்டாரு. ஆனா டயர் போயிருச்சுன்னு தெரிஞ்சதும் இருநூறு உமி மூட்டை அனுப்பினாரு. கோழிக்குஞ்சுக்குக் கீழ பரப்பற நெல் உமி, பழைய தீவனச் சாக்குல அடைச்சுத் தெச்சது. வண்டி வந்து மோதினா மெத்துன்னு உள்வாங்கும். அவரோட ஒரே மகன் இளஞ்செழியன் எங்க தடத்துலதான் ஓட்டறான், அவனுக்கு அடிபடக் கூடாதுன்னு அனுப்பினாரு. இருபத்தாறு வயசு. மூணு வருஷமா கோப்பை அவனுக்குத்தான். எங்க பார்த்தாலும் வண்டியை நிறுத்தி, "அண்ணா, சாப்டீங்களா"ம்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்குமுங்க. இதை நான் பொய்யாச் சொல்லலை.

அவன்கிட்ட ஒரு பழக்கம் உண்டு. தடத்துல பாழுங்கிணத்துக்குப் பக்கத்துல ஒரு வளைவு இருக்குது. மேட்டுல இருந்து பறந்து வந்து இறங்கின உடனே திரும்பியாகணும். மத்தவங்க பிரேக்கை அமுக்கி உள்பக்கமாத் திரும்புவாங்க. இவன் வேகத்தைக் குறைக்கவே மாட்டான். வெளியோரமாப் போயி, முன்னெல்லாம் டயர்மேல, இப்பப் பிராக்டிஸ்ல மூட்டைமேல தோளைச் சாய்ப்பான், அது அமுங்கித் திருப்பித் தள்ளற தள்ளுலயே திரும்பிப் போயிருவான். ஜனம் விசிலடிக்கிறதே அதுக்குத்தான். அந்த இடத்துல இருக்கற ஒம்பது மூட்டையைத் தொடறது அவன் ஒருத்தன்தான். வேற யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. அதை நல்லா யோசிச்சுப் பார்த்துட்டுத்தான் செஞ்சேன்.

வியாழக்கிழமையோட பிராக்டிஸ் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை செஞ்சவங்களைச் சாப்பிட்டு மெதுவா வாங்கன்னு அனுப்பிட்டேன். ஒம்பது மூட்டையையும் பிரிச்சு உமியைக் கிணத்துல கொட்டினேன். தடத்துக்குப் போட வாங்கின, கல் உடைக்கற கிரஷர் தூள் அங்கேயே குமிஞ்சு கிடந்துச்சு. சட்டியில அள்ளி நிரப்பி, தண்ணி ஊத்தி இறுக்கி, பழைய தையல் ஓட்டை வழியாவே திரும்பத் தெச்சேன். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. இடுப்பு வலி ரெண்டு நாள் விடலை.

ஞாயித்துக்கிழமை ஒம்பதுக்குக் கொடி இறக்கினேன். முதல் சுத்துலயே முடிஞ்சுது. சத்தம்கூடப் பெருசா வரலை. ஹெல்மெட் நல்ல ஹெல்மெட்தான், கழுத்துதான் தாங்கலை. ஆம்புலன்ஸ் தயாரா நிறுத்தி வெச்சிருந்தேன், ரூல்படி. நானே அவனைத் தூக்கி ஏத்தினேன். அழுதேன், அது நடிப்பில்லை. வந்து பார்த்தவங்க விபத்துன்னு எழுதிட்டாங்க. மூட்டையை யாரும் தூக்கிப் பார்க்கலை.

காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அருணகிரி ஊட்டுக்குப் போனேன். "தம்பி பேரு அழியக் கூடாதுங்க"ன்னேன். என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடத்தலாமுங்க"ன்னாரு. அன்னிக்கு எனக்கு எப்படி நிம்மதியா இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை.

நான் விட்ட தப்பு ஒண்ணே ஒண்ணு. பந்தயத்தன்னிக்குச் சாயங்காலமே எட்டு மூட்டையைக் கிழிச்சு, தூளைத் தடத்துலயே பரப்பிட்டேன். ஒம்பதாவதுகிட்டப் போறதுக்குள்ள இளஞ்செழியனோட அம்மா செல்லியம்மாள் வந்து அதுமேல விழுந்துட்டாங்க. "எஞ்சாமி கடைசியாத் தொட்டது இதுதானே"ன்னு மஞ்சத்துணி சுத்தி, பொட்டு வெச்சு, மாலை போட்டாங்க. மழை படாம இருக்க மேல ஒரு தகர ஷீட். அமாவாசைக்கு அமாவாசை விளக்கு. கும்பிடற பொருள்மேல நம்ம ஆளுங்க எவன் கை வெப்பான்? நானே அந்தப் பக்கம் போனா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிட்டுட்டுத்தான் போவேன். கும்பிட்டுக் கும்பிட்டு உள்ள என்ன இருக்குதுங்கறதே எனக்கு மறந்துபோச்சு.

போன ஞாயித்துக்கிழமை முதலாம் ஆண்டு கோப்பை. நல்ல கூட்டம், பந்தலெல்லாம் போட்டிருந்தோம். செல்லியம்மாள் வந்து, "இதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயி வெச்சுக்கலாமுங்க, எம்பையன் இங்க தனியா இருக்கான்"னு சொன்னாங்க. அருணகிரி குனிஞ்சு ஒரு கையில தூக்கினாரு. முப்பது வருஷமா உமி மூட்டை தூக்கின கை. அசையலை. இன்னொரு கையும் வெச்சாரு. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாரு.

"ஏனுங்க குருமூர்த்தி, இது எம்பட மூட்டை இல்லீங்களே."

வண்டிச் சாவியால சாக்கைக் கிழிச்சாரு. தூள் இறுகிப்போயி கல்லாட்டம் நின்னுச்சு. செல்லியம்மாள் அதை விரலால தடவிப் பார்த்தாங்க. "அப்ப எம்புள்ளை இதுமேலயா சாஞ்சான்?"னு கேட்டாங்க. நான் மணியைப் பார்த்தேன், ஒம்பதாக இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு.

அருணகிரி அடிக்கலை, திட்டலை. ஏன்னு மட்டும் கேட்டாரு. கோப்பைக்கு ஒரு பேரு வேணும்னு சொன்னேன். அது அவருக்குப் புரியலைன்னு நெனைக்கிறேன். அன்னிக்குப் பந்தயம் நடக்கலை. இனி எங்க நடக்கப் போகுது? நிலத்துக்காரர் குத்தகையை முடிச்சுக்கச் சொல்லிட்டாரு, பசங்க ஆளுக்கொரு திசையா வண்டியைக் கொண்டுபோயிட்டாங்க. இத்தனை செஞ்சும் சங்கத்தைக் காப்பாத்த முடியலையேங்கறதுதான் எனக்கு வருத்தம்.

நீங்க ஒண்ணு கேட்டீங்க. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் மகனும் எங்க தடத்துல ஓட்டறான், அவங்கப்பா அருணகிரியைவிட வசதி, ஏன் அவனை விட்டேன்னு. அவன் மூட்டையைத் தொட மாட்டானுங்க, அதான். சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க அந்தக் காகிதத்தை எடுத்து மேஜைமேல வெச்சுட்டீங்க. ஆமாங்க, என் கடையை நீங்க சோதனை போட்டப்ப டிராயர்ல கிடைச்சதுதான். ஸ்பான்சர் போனது போகட்டும், சங்கம் இனிமே புது ஆளுங்க கையில புது வழியில போகட்டும்னு முப்பத்தோரு பேரு கையெழுத்துப் போட்டு, இளஞ்செழியனைச் செயலாளராப் போடச் சொன்ன மனு. போன வருஷப் பந்தயத்துக்கு மறுநாள் பொதுக்குழுவுல எடுக்க வேண்டியது. அவனேதான் கொண்டுவந்து என் கையில குடுத்தான். "நீங்க இத்தனை நாள் அலைஞ்சது போதுங்கண்ணா"ன்னு சிரிச்சான். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. திங்கக்கிழமை பொதுக்குழு சொன்ன நேரத்துக்கு நடந்துச்சு. இரங்கல் தீர்மானத்தை நாந்தான் வாசிச்சேன். செயலாளரா நானே தொடரணும்னு எல்லாரும் கை தூக்கினாங்க.