ஏழோடு நின்ற கதை

– இன்னா தங்கச்சி, மறுபடியும் ஏழோட நின்னுகினு கீது?

– ஆமாண்ணா. மூணாவது வாட்டி ஓட்டிட்டேன். ஏழு அத்தியாயம் வருது. அப்புறம் 'முடிந்தது'ன்னு சொல்லுது.

– இன்னாது முடிஞ்சுது? இருநூத்தி பன்னெண்டு வரிக்கும் போட்டு கீறேன். ஆறு மணிக்கு நான் படக்கதை போட்ட சைட்டையே இழுத்து மூடறானுங்க. வரைஞ்ச டேப்லெட்டு, கடைக்குள்ள மழைத்தண்ணி பூந்தப்போ பூடுச்சு. வேற எங்கியும் காப்பி இல்ல. மூணு வருசம் வரைஞ்சது மா.

– தெரியும்ணா. மணி அஞ்சேகால்தான் ஆகுது.

– என் பிரண்டு ஜஸ்டின் இன்னா சொன்னான்? 'ஏன் கோகுலு நசரத்பேட்டைல குந்திகினு அழுவுற? நூம்பல்ல ரோஷினின்னு ஒரு பொண்ணு, வெப்காமிக்ஸ் எடுக்கறதுக்குன்னே லைப்ரரி வெச்சிருக்கு'ன்னான். நான் புக்கு அடுக்கி வெச்ச ரூமுன்னு நெனச்சேன்.

– இல்லண்ணா, இது கம்ப்யூட்டர் கோடு. எழுதி நெட்ல போட்டிருக்கேன். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். சைட்டுல போய் ஒண்ணு குடு, ரெண்டு குடுன்னு வரிசையா கேட்டு, படத்தையெல்லாம் வாங்கிட்டு வரும்.

– ஏழுக்கு மேல கேக்க வாய் வரல போல. உன்ன மாதிரியே கூச்சம் அதுக்கு.

– எட்டாவதை அழிச்சிட்டீங்களாண்ணா?

– எட்டா? எட்டு போடவே இல்லியே.

– போடலையா?

– நான் இன்னா வேல பாக்கறேன் மா? நம்பர் பிளேட்டு ஒட்றேன். கூட்டுத்தொகை எட்டு வந்தா வண்டிக்காரன் மூஞ்சி எப்படிப் பூடும் தெரியுமா? அந்த நம்பர்ல போயி கதைய விடுவனா? ஏழுக்கு அப்புறம் நேரா ஒம்போது.

– கூட்டுத்தொகையா? அப்போ பதினேழு?

– ஒண்ணும் ஏழும் எட்டாச்சே. போடல. இருபத்தாறு, முப்பத்தஞ்சு, ஒண்ணும் போடல.

– ஐயோ.

– இன்னா ஐயோ? வராதா?

– வரும். தப்பு என்னோடது. ஒரு நம்பர் இல்லன்னா கதை அங்கயே முடிஞ்சுதுன்னு எழுதிட்டேன். நடுவுல ஒருத்தர் தாண்டிப் போவார்னு தோணல.

– நம்மூர்ப் பொண்ணுக்கு இது தோணலியா?

– ரெண்டு வரி மாத்தணும். ஒண்ணு இல்லன்னா அடுத்ததைக் கேளு. வரிசையா ரெண்டு இல்லன்னாதான் நில்லு.

– மாத்து, மாத்து. யோவ், நாளைக்கு வாய்யா! இன்னிக்கு பிளேட்டு கெடயாது!

– இப்போ ஓட்டறேன்.

– அஞ்சு… ஆறு… ஏழு… ஒம்போது! ஒம்போது வந்துடுச்சு மா!

– பத்தும் வந்துடுச்சு.

– இன்னும் வேகமா கேக்கச் சொல்லேன்.

– ரொம்ப அவசரப்படுத்தினா சைட்டுல நம்மளை வெளிய தள்ளிடுவாங்கண்ணா. கொஞ்சம் மூச்சு விட்டுத்தான் கேக்கணும்.

– எனக்கு மூச்சே நின்னுடும் போல கீது. இப்போ எங்க கீது?

– நூத்தி அம்பது. மணி அஞ்சே முக்கால்.

– பேசாத. நானும் பேசல.

– நூத்தி தொண்ணூறு.

– பேசாதன்னேன்ல மா.

– இருநூத்தி பன்னெண்டு. அவ்ளோதான்ணா. நீங்க தாண்டினது போக நூத்தி எண்பத்தொம்பது அத்தியாயம். எல்லாம் இந்த பென்டிரைவ்ல இருக்கு.

– தங்கச்சி… உனக்கு நான் இன்னா செய்யட்டும்? ஸ்கூட்டிக்கு சூப்பரா ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தரவா?

– வேணாம்ணா. ஒண்ணு கேக்கணும்.

– கேளு.

– ஏழாவதுல அந்தப் பொண்ணு, வேலை லெட்டரைக் கைல வெச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புல நிக்கறா. பஸ் வருது. ஏறினாளா, வீட்டுக்கே திரும்பிட்டாளா?

– ஏய், இப்போதானே எடுத்த? அதுக்குள்ள எப்போ படிச்ச?

– மூணு வருஷம் முன்னாடி. இந்த லைப்ரரியை எழுதினதே உங்க கதையை ஆபீஸ் பஸ்ல படிக்கத்தான்ணா. ஏழோட நின்னதும், நீங்கதான் வரையறத விட்டுட்டீங்கன்னு நினைச்சுட்டேன்.