சிலி நாட்டு லூயிஸ்

டீ நன்றாக இருக்கிறது சார். விழுப்புரத்தில் இஞ்சியைத் தட்டிப் போடுகிறார்கள். எங்கள் திண்டிவனத்தில் வாசனை காட்டுவதோடு சரி. நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

போன ஞாயிறு, குணபத்திரன் நைனாரின் ரேடியோவை இதே ஹாம் ரேடியோ கிளப்பில் வைத்துச் சோதித்தீர்கள். மீட்டர் முள் அசையவே இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால், வளையத்தில் சுற்றிய செம்புக் கம்பியின் ஒரு முனையில், மின்சாரம் பாயவிடாத எனாமல் பூச்சைச் சுரண்டாமலே ஈயம் வைத்திருந்தது. சுரண்டி, மறுபடி பற்றவைத்துக் கொடுத்தீர்கள். அதற்கப்புறம்தான் உங்களுக்குத் தூக்கம் போயிருக்கிறது. பக்கத்துத் தெருவைத் தாண்டாத ரேடியோவை வைத்துக்கொண்டு, இந்த மனுஷர் எப்படிச் சிலி நாட்டு லூயிஸோடு இத்தனை நாள் பேசினார்?

என்னோடுதான் பேசினார் சார்.

நான் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன். நைனார் தன் மல்லாட்டை மண்டியை, அந்த வேர்க்கடலை வியாபாரத்தை, கைமாற்றிவிட்டபின், தினமும் மாலையில் என் கடை ஸ்டூலில் வந்து உட்காருவார். கழற்றிய போனின் திருகுகளைக் காந்தத்தில் ஒட்டவைத்துக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் பேசுவார். ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேச நான் ஹாம் லைசென்ஸ் வாங்கியதைப் பார்த்து அவரும் பரீட்சை எழுதினார், மோர்ஸ் கற்றார், உதிரி உதிரியாக வரும் ரேடியோ கிட் வரவழைத்தார். கை நடுங்குகிறது என்று சால்டரிங்கை என்னிடம் விட்டார். நான் ஒவ்வொரு ரெசிஸ்டராக வைத்தேன். அவர் பக்கத்தில் நின்று, ஈயம் உருகிப் பளபளக்கிறபோதெல்லாம் குழந்தை மாதிரி சிரித்தார். கடைசியாக அந்த வளையம் மட்டும் பாக்கி இருந்தது.

"சகாயம், இனிமே உன் கடைல ஒக்காந்து ஈ ஓட்டிக்கினு இருக்க வேணாம்பா. ஊட்லேர்ந்தே ஒலகத்தோட பேசலாம்" என்றார்.

தவறாக ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் சொன்னார். நானும் சிரித்தேன். ஒரு முனையைச் சுரண்டினேன். மறுமுனையைச் சுரண்டவில்லை. மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய்.

ஒரு வாரம் மனுஷர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதிலே இல்லை. முகம் வாடிப்போய்விட்டது. பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் என் வீட்டிலிருந்து பதில் அனுப்பினேன். மோர்ஸில் புள்ளியும் கோடும்தானே, குரலா கேட்கப்போகிறது? ஆண்டெனாவைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்புவேன். அவர் வீட்டுக்கு அதுவே போதும். சிக்னல் மெலிந்து, கடல் தாண்டி வந்த களைப்போடு கேட்கும்.

மறுநாள் கடைக்கு ஓடிவந்தார். "டேய், சிலிடா! சிலி!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். லூயிஸ் வந்ததால் கடைக்கு வருவது நின்றுவிடவில்லை பாருங்கள். லூயிஸ் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல்லவே தினமும் வந்தார்.

லூயிஸ் நல்ல மனுஷன். பெண்டாட்டியை இழந்தவன், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறான். எடுத்தவுடன் "சாப்பிட்டாயா" என்றுதான் கேட்பான். நைனார் சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து உட்காருவார். ஜீவகாருண்யம் பற்றி ஒரு மாதம் எடுத்துச் சொன்னார். லூயிஸ் மாமிசத்தை விட்டுவிட்டான். அந்தச் செய்தியை நான் ஒரு கையால் அனுப்பினேன். இன்னொரு கையில் மீன்குழம்பு.

பேத்தி பிறந்ததும், மகன் ரித்தீஷ் பெங்களூருக்கு வந்துவிடச் சொன்னான். அங்கே மாடியில் தனி அறை ஒதுக்கி, பெயின்டும் அடித்துவிட்டான். நைனார் என்னிடம் யோசனை கேட்டார். "உங்க இஷ்டம் நைனாரே, பெரிய முடிவு" என்று ஒதுங்கிக்கொண்டேன். அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. அன்று மாலை லூயிஸிடம் கேட்டார். லூயிஸ் தன் கதையைச் சொன்னான். மகன் வீட்டுக்குப் போனதையும், அங்கே மூலையில் வைத்த குடை மாதிரி கிடந்ததையும், திரும்பி வந்தபோது சொந்த ஊரில் அடையாளம் கண்டுகொள்ள ஆளில்லாமல் போனதையும் சொன்னான். அனுப்பும்போது எனக்கே கண் கலங்கியது.

நைனார் போகவில்லை.

நைனாரின் மனைவி சாந்தாமணியம்மா கடைக்கு வந்து அழுதார். "எவனோ கண்காணாத தேசத்துல ஒக்காந்துக்கினு போவாதன்றான், இந்த மனுசனும் சரின்னுட்டாரு. எம் பேத்தி போன்லயே தவழ்ந்து போன்லயே நடந்துட்டா. அந்த லூயிசு நல்லா இருப்பானா, சகாயம்?"

"என்ன மனுஷம்மா அவன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவர் போனுக்குப் புதுக் கண்ணாடி போட்டுக்கொடுத்தேன், பேத்தி தெளிவாகத் தெரியட்டும் என்று.

நீங்கள் ரேடியோவைச் சரிசெய்தீர்களே, மறுநாளே ஜப்பான்காரன் ஒருவன் நிஜமாகவே பதில் கொடுத்திருக்கிறான். சிக்னல் அளவைச் சொன்னான், வணக்கம் சொன்னான், போய்விட்டான். நைனார் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "என்னப்பா ஆளு இவன், சாப்டியான்னுகூட கேக்கல. நம்ம லூயிசு மாதிரி வருமா?" என்றார். உலகத்தில் எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு யாரும் கொடுத்ததில்லை சார்.

நானே சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுவேன் என்கிறீர்கள். வேண்டாம் சார். உண்மை தெரிய வேண்டியது நியாயம்தான். பெங்களூரில் அந்த அறையும் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். ஆனால் நான் போய் நின்று சொன்னால் அவர் நம்ப மாட்டார், நம்பினால் தாங்க மாட்டார். லூயிஸ் பக்குவமாக எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார். இன்று சாயங்காலமே சொல்லச் சொல்கிறேன்.