தேடலை வேகமாக்கியவன் நான்தான்

சர்க்கரை போடாத டீதான் எனக்குப் பிடிக்கும், ஐயா. அது கேன்டீன்காரருக்கு மட்டும் நினைவிருக்கும். அந்த ஆஸ்பத்திரியில் மூளையைப் பயன்படுத்திய ஒரே ஆள் அவர்.

மற்றவர்கள் வரவேற்பு மேசையில் இருந்தார்கள். நோயாளிகளின் பெயரை ஆங்கிலத்தில் பதிய வேண்டும். ஒருத்தி முழுக்கப் பெரிய எழுத்தில் அடிப்பாள். பக்கத்தில் இருப்பவள் முழுக்கச் சின்ன எழுத்தில். நமக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு. அதனால், தேடும்போதெல்லாம் எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடும்படி என் புரோகிராமை எழுதியிருந்தேன். ஆனால் சட்டென்று தேட உதவும் அட்டவணையான இன்டெக்ஸ், பெயர்களை அடித்தது அடித்தபடியே வரிசைப்படுத்தி வைத்திருந்தது. மாற்றிய பெயருக்கு அது உதவாது. கணினி லட்சக்கணக்கான பெயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து ஊர்ந்தது.

"என்ன சார் உங்க சிஸ்டம், ஆமை பரவாயில்ல போல," என்றாள் தலைமை நர்ஸ், எல்லோர் முன்னிலையிலும். மேசைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சின்ன எழுத்தாக்கிய பெயர்களுக்கென்று தனி இன்டெக்ஸ் போட்டால் தீர்ந்தது. எனக்குத் தெரியாதா? அவர்கள் கொட்டிய குப்பையை நான் எதற்குக் கூட்ட வேண்டும்? மாற்றி ஒப்பிடும் பகுதியையே எடுத்துவிட்டேன். பதிந்தபடியே அடித்தால்தான் கிடைக்கும். தேடல் பறந்தது. கைதட்டினார்கள், பாவம்.

பிறகு, நினைவில்லாமல் ஒரு தையற்கார அம்மாளைக் கொண்டுவந்தார்கள். தலைமை நர்ஸ் போனில் அழைத்தாள்.

"சார், இங்க முன்னாடி காட்டினவங்கதான்னு அவங்க பொண்ணு சொல்லுது. 'பதிவு இல்லை'ன்னு வருது. டாக்டர் பெனிசிலின் ஊசி போடச் சொல்றாரு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பார்த்தேன். பெயரைப் பெரிய எழுத்தில் அடித்ததும் வந்துவிட்டது. பெனிசிலின் ஆகாது என்று சிவப்பில் இருந்தது.

"ஆமைதான் இப்ப ஓடுதே, சிஸ்டர். அது என்ன காட்டுதோ அதான்," என்றேன்.

"சரி சார், தேங்க்ஸ்."

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளின் மகள் கதறி அழுத சத்தம் என் அறை வரைக்கும் கேட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, எடுத்த பகுதியைத் திரும்ப வைத்தேன். அதற்கான இன்டெக்ஸையும் போட்டேன். ஒரே வரி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இப்போது எப்படி அடித்தாலும் சட்டென்று கிடைக்கிறது. யாரும் ஒரு நன்றி சொல்லவில்லை. அவர்களிடம் அதை எதிர்பார்த்தேன் பாருங்கள், அது ஒன்றுதான் என் தப்பு.