நடக்காததற்குப் படிவம் இல்லை

இந்த நாற்காலி முதுகுக்கு இதமாக இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் கேட்டும் இப்படி ஒன்று வாங்கித் தரவில்லை. வீட்டிலிருந்து தலையணை கொண்டுபோய் வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினேன். நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. நானும் மெதுவாகவே சொல்கிறேன். படிவம் நிரப்புகிறவர்களின் கை வலி எனக்குத் தெரியும்.

என் வேலை வீடியோ கேம்களுக்கு வயது போடுவது. மூன்று, ஏழு, பன்னிரண்டு, பதினாறு, பதினெட்டு. அட்டைப்பெட்டியின் மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் எண் இருக்கும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதைப் போடுவதற்கென்று ஒரு மாடி முழுக்க ஆட்கள் இருக்கிறோம். நாங்கள் எதையும் விளையாடுவது கிடையாது. நிறுவனம் அனுப்புகிற வீடியோவைப் பார்த்து எண்ணுவோம். ரத்தம் சிவப்பா பச்சையா, கெட்ட வார்த்தை எத்தனை, சூதாட்டம் உண்டா, ஆடுகிற பிள்ளையிடம் முன்பின் தெரியாத ஆள் பேச முடியுமா. காலையில் நாற்பது தலை வெட்டுப்படுவதைக் கோடு போட்டு எண்ணிவிட்டு மதியம் சாப்பிடப் போவேன். பசிக்கத்தான் செய்யும்.

அலுவலகத்தில் எனக்குப் ‘பதினெட்டம்மா’ என்று பெயர். பக்கத்து மேசைக்காரருக்கு ‘ஏழு’. அவர் எதற்கும் ஏழுக்கு மேல் போட மாட்டார்.

“உங்ககிட்ட விட்டா சதுரங்கத்துக்கும் பதினெட்டு போடுவீங்க மேடம், ராணியை வெட்டுறாங்களேன்னு” என்பார்.

“உங்ககிட்ட விட்டா நிஜப் போருக்கே ஏழு போட்டு அனுப்பிடுவீங்க” என்பேன்.

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். மோசமான இடம் என்று சொல்ல மாட்டேன்.

‘கூரைப் பூனை’ எங்களிடம் வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். ஒரு பூனை கூரைக்குக் கூரை தாவும். அவ்வளவுதான் விளையாட்டு. அதில் ‘நீயும் தாவு’ என்று ஒரு பகுதி வைத்திருந்தார்கள். ஆடுகிற பிள்ளை தானே நிஜமாகத் தாவி, அதைப் படம் பிடித்துப் போட வேண்டும். ஊர் பேர் தெரியாதவர்கள் பார்த்து ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு ஏற ஏறப் பூனையின் வால் நிறம் மாறும், வெள்ளை, நீலம், கடைசியில் தங்கம். நான் அதைப் பார்த்த அன்றே எழுதினேன். டிவியில் மாட்டி ஆடுகிற பெட்டிக்கு, அந்தப் பகுதியை வெட்டினால்தான் பன்னிரண்டு தருவேன் என்றேன். வெட்டினார்கள். கம்ப்யூட்டரில் பெரியவர்கள் கடவுச்சொல் போட்டால்தான் அது திறக்கும் என்று செய்யவைத்தேன். அந்த இரண்டும் என் கையால் நடந்தவை. அதில் எனக்குத் திருப்தி உண்டு.

போன்தான் எங்கள் கையில் இல்லை. போனுக்கு விளையாட்டை யாரும் பார்ப்பதில்லை. நிறுவனமே முப்பது கேள்விக்கு ஆம், இல்லை என்று டிக் அடிக்கும், இயந்திரம் இரண்டு நிமிஷத்தில் வயதைத் துப்பும். வேலிக்கு ஓணான் சாட்சி. ‘கூரைப் பூனை’ போனுக்கு முதலில் வந்தபோது தாவுகிற பகுதியே அதில் இல்லை. ஆகவே ஏழு கிடைத்தது. மூன்று மாதம் கழித்து, புதுப்பிப்பு என்ற பெயரில் அந்தப் பகுதியை உள்ளே விட்டார்கள். ஒருமுறை கொடுத்த வயதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. ஒரே பூனை, ஒரே தாவல். டிவியில் பன்னிரண்டு வயதுக்காரனுக்குக்கூடக் கிடைக்காதது, போனில் ஏழு வயதுக்குக் கிடைத்தது.

பதினோரு கடிதம் எழுதினேன். ஒன்பதாவதுக்குப் பிறகு மேலதிகாரி கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், மரியாதையான மனிதர்.

“சம்பவம் ஏதாவது நடந்திருக்கா மேடம்?”

“நடக்கக் கூடாதுன்னுதானே எழுதுறேன்.”

“புரியுது. ஆனா சம்பவம்னு ஒண்ணு இருந்தா அதுக்குப் படிவம் இருக்கு. அனுப்பினா போன்ல ஆப் இறக்கித் தர்ற கடைக்காரங்க நாலு நாள்ல பதில் சொல்லணும், அது விதி. நடக்காததுக்குப் படிவம் இல்லையே.”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அன்று வீடு திரும்பும்போது பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கோபம் வரவில்லை. கோபப்படுகிற வயதெல்லாம் தாண்டிவிட்டது. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். அந்த விளையாட்டை எத்தனை லட்சம் பிள்ளைகள் இறக்கியிருக்கிறார்கள் என்று அதன் பக்கத்திலேயே போட்டிருக்கும். தினமும் பார்ப்பேன். ஏறிக்கொண்டே போகும். எங்காவது ஒரு பிள்ளை விழும், ஆனால் யாரும் அதைச் சரியான படிவத்தில் எழுத மாட்டார்கள். காயம் வீணாகப் போகும்.

என் தங்கைக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினொன்று. எதற்கெடுத்தாலும் வாதாடுவாள், அதனால் வீட்டில் அவள் ‘வக்கீல்’. சின்னவளுக்கு எட்டு. அக்கா என்ன சொன்னாலும் தலையாட்டும். அது வக்கீலுடைய ‘கட்சிக்காரி’. பள்ளி விட்டதும் இரண்டும் என் வீட்டுக்கு வரும். தங்கை வேலை முடிந்து வந்து கூட்டிப்போவாள். எனக்கு அரை நாள் வேலைதான், அதனால் அந்த ஏற்பாடு.

தங்கை வீட்டில் எந்த விளையாட்டும் என்னைக் கேட்காமல் நுழையாது. ஒருநாள் வக்கீல் அம்மாவை நச்சரித்திருக்கிறாள். தங்கை என்னிடம் வந்தாள்.

“அக்கா, கூரைப் பூனையாம். வகுப்புல எல்லாரும் ஆடுறாங்களாம். பரவாயில்லையா?”

“ஏழுன்னு போட்டிருக்கே” என்றேன்.

“நீ பார்த்துட்டேன்னா போதும்.”

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு என்றுதான் போட்டிருந்தது. வக்கீலின் போனில் நானே இறக்கிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு நோட்டில் நாள், நேரம், எத்தனை நிமிஷம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிக்கொண்டு வந்தேன். எங்கள் வேலையில் அதைச் செய்யாமல் எதுவும் நிற்காது. நாலாம் நாள் வக்கீல் ‘நீயும் தாவு’வைக் கண்டுபிடித்தாள். முதலில் சோபாவிலிருந்து தாவினாள். கட்சிக்காரிதான் படம் பிடித்தது. பன்னிரண்டு ஓட்டு. படிக்கட்டில் ஐந்து படி. நாற்பது ஓட்டு. யாரோ ஒருவன் ‘சின்னப் பாப்பா, சோபாவுக்குத் தங்க வால் கிடைக்காது’ என்று எழுதினான். அந்த வரியை அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டேன். சாட்சிக்கு ரொம்ப நல்ல வரி.

“பெரியம்மா, நீங்க ஏன் திட்ட மாட்டேங்குறீங்க?” என்று ஒருநாள் கேட்டாள். கூர்மையான பிள்ளை. “அம்மா பார்த்தா தோலை உரிச்சிடுவாங்க.”

“உனக்கு எது சரின்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். ஆனா பெரியவங்க திட்டணும். அதுதான் முறை.”

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

என் வீடு மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. பக்கத்துக் கட்டடமும் அதே உயரம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. சந்தில், எங்கள் மாடியிலிருந்து ஏழடி கீழே, உயரத் தூண்கள்மேல் நிற்கிற தண்ணீர்த் தொட்டிக்குப் போட்ட தகரக் கூரை. நான் சந்தை டேப் வைத்து அளந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம். பள்ளி விளையாட்டுப் போட்டியில் எவ்வளவு தாவினாய் என்று வக்கீலைக் கேட்டேன். நாலடி எட்டு அங்குலம் என்று பெருமையாகச் சொன்னாள். ஆறு அங்குலம் குறையும், தகரத்தில் விழுவாள். கையோ காலோ முறியும். படிவத்தில் ‘மூன்று நாளுக்கு மேல் மருத்துவமனையில்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கால் என்றால் மூன்று நாள் தாண்டும். பிள்ளைகளின் எலும்பு சீக்கிரம் கூடிவிடும். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு கால். நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

மாடிக் கதவின் சாவியை எப்போதும் அலமாரிக்குள் பூட்டி வைப்பேன். அந்த வாரம் சமையலறை வாசலில் ஆணி அடித்து மாட்டினேன். வக்கீலின் கைக்கு எட்டுகிற உயரம். வியாழக்கிழமை இரண்டும் குசுகுசுவென்று பேசிக்கொண்டன.

“நாளைக்கு மேல போறோம். நீ கையை ஆட்டாம பிடிக்கணும். ஆட்டினா உன் வழக்கை நான் எடுக்க மாட்டேன்.”

“ஆட்ட மாட்டேங்க்கா. கண்ணை மூடிக்கட்டுமா?”

“லூசு, கண்ணை மூடினா எப்படிப் பிடிப்ப?”

அன்று சாயங்காலமே படிவத்தை நிரப்பிவிட்டேன். பெயர், வயது, போன் வகை, எந்தக் கடையிலிருந்து இறக்கியது, சம்பவ இடம், வெள்ளிக்கிழமைத் தேதி. நேரத்துக்கு மட்டும் இடம் விட்டேன். என்னைப் போல வயது போடுகிற மதிப்பீட்டாளரே படிவம் கொடுக்கலாம், ஆனால் பிள்ளை அவருக்கு உறவாக இருக்கக் கூடாது. ‘உறவு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். அந்தப் பக்கங்களிலேயே அது ஒன்றுதான் பொய்.

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு மாடிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பழைய கதவு, கிரீச்சென்று கத்தும். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு நின்றேன். கூப்பிட்டிருக்கலாம். குரல் எட்டுகிற தூரம்தான். தகரம் அந்த அளவுக்குத் துருப்பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் அளந்தேன், அதை மட்டும் அளக்கவில்லை. தகரம் பிய்ந்து, தொட்டியின் சிமெண்ட் விளிம்பில் முதுகு பட்டு விழுந்தாள். கட்சிக்காரி கத்தவில்லை. நான் மேலே போனபோதும் போனைப் பிடித்தபடியே நின்றது. கை ஆடவே இல்லை.

நாலு பதினேழு. கட்டத்தில் எழுதினேன். ஆம்புலன்ஸுக்குச் சொன்ன பிறகுதான் எழுதினேன், முன்னால் அல்ல.

ஐந்து வாரம் ஆகிறது. முதுகில் இரண்டு கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாளா என்று கேட்டால் மருத்துவர், ‘சாப்பாடு நல்லா இறங்குதா’ என்று பேச்சை மாற்றுகிறார். தங்கை மருத்துவமனையே கதி என்று கிடக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா சின்னதை யார்க்கா பார்த்துப்பாங்க” என்று அழுதாள். போன வாரம் வக்கீலைப் பார்க்கப் போனேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்.

“பெரியம்மா, சாவியை நான்தான் திருடினேன். அம்மாகிட்ட ஒத்துக்கிட்டேன். உங்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.”

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது? வாதாடுகிற பிள்ளை, என் பக்கம் வாதாடிவிட்டது.

படிவம் வேலை செய்தது. அனுப்பிய நாலாம் நாளே அந்தப் போன் கடையில் ‘கூரைப் பூனை’ பதினெட்டுக்குப் போனது. பன்னிரண்டு கூட இல்லை, பதினெட்டு. மேலதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். ‘ஏழு’ தன் மேசையில் இருந்த மிட்டாய் டப்பாவை என் பக்கம் நகர்த்திவைத்தார்.

ஆனால் போனில் இரண்டு வகை உண்டு, கடையும் இரண்டு. அது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இன்னொரு கடைக்கும் அதே அறிக்கையை அனுப்பினேன். போன திங்கள் பதில் வந்தது. ‘வருந்துகிறோம். குறிப்பிட்ட சம்பவம் எங்கள் தளத்தில் நிகழ்ந்ததல்ல.’ அங்கே இன்னும் ஏழு. லட்சம் ஏறிக்கொண்டே இருக்கிறது.

சின்னவளிடம் இருப்பது அந்த இரண்டாவது வகைப் போன். அக்கா போல நானும் தாவி, தங்க வால் வாங்கி அக்காவுக்குக் கொடுப்பேன் என்கிறது. அதுவாகவே கேட்டது, நான் தூண்டவில்லை. நேற்று மதியம் மாடியில் டேப்போடு நின்றபோது பின்னாலேயே வந்துவிட்டது.

“பெரியம்மா, என்ன அளக்குறீங்க?”

“துணி காயப்போடக் கொடி கட்டலாம்னு.”

“நான் ஒரு முனையைப் பிடிக்கட்டுமா?”

பிடித்தது. நேராக, ஆடாமல் பிடித்தது. அதற்கப்புறம்தான் இந்தக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வரலாம் என்று தோன்றியது. பயந்து வந்தேன் என்று எழுதாதீர்கள். களைத்துப்போய் வந்தேன். பிள்ளைகளைக் காப்பாற்றுவது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை, உங்களைப் போல ஒரு அலுவலகம் செய்ய வேண்டியது.

சாவியை உங்கள் மேசையில் வைத்துவிட்டேன். அது உங்களிடமே இருக்கட்டும். பையில் இருக்கிற உறையை மட்டும் நனையாமல் வையுங்கள், இரண்டாவது கடைக்கான படிவம். சின்னவளின் வயது, போன் வகை, சம்பவ இடம், உறவு இல்லை, எல்லாம் சுத்தமாக எழுதியாயிற்று. நேரம் மட்டும்தான் பாக்கி.