தெரியாதுன்னார் மேடு

வெள்ளைக்காரன் கப்பலேறிப் போயி ஒரு பத்து வருசம் ஆன காலம். ராமநாதபுரச் சீமையில வாகையேந்தல், வாகையேந்தல்னு ஒரு ஊரு. மேற்கே கண்மாய், கண்மாய்க்குக் கீழே வயலு, வயலை ஒட்டிக் கீழத்தெரு. அந்த ஊருல சங்கையான்னு ஒரு காவல்காரரு இருந்தாராம்.

எப்படிப்பட்ட ஆளுன்னா, அவரு ஆடே அடுத்தவன் வெள்ளாமையில வாயை வச்சிட்டாலும், ஆட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போயி, "மேஞ்சது என் ஆடுதான், என்ன செய்யணுமோ செஞ்சுக்க"ன்னு நிப்பாராம். அப்பேர்ப்பட்ட மனுசன்.

அதுவரைக்கும் ஊருல எதுன்னாலும் பெரிய வீட்டுச் சோணாசலம் சொன்னதுதான். திடீர்னு சர்க்கார் ஆளு வந்து, "உங்க பஞ்சாயத்துத் தலைவரை இனிமே நீங்களே ஓட்டுப் போட்டு எடுங்க"ன்னாங்களாம். சனத்துக்கு நம்பிக்கை வரல. "நாமளா? நாம சொன்னா பெரிய வீட்டுக்காரரு இறங்கிடுவாரா?"

"இறங்குறாரோ இல்லையோ, பொய் சொல்லாத ஆளை நிப்பாட்டுவோம்"னு சங்கையாவைப் பிடிச்சுக்கிட்டாங்க. "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்"னு அவரு சொல்லிப் பார்த்தாராம். விடல.

அந்த ஓட்டு நாளை ஊரே திருவிழா மாதிரி சொல்லும். பொம்பளைங்க தலைக்குக் குளிச்சு, பெட்டியில மடிச்சு வச்ச சேலையைக் கட்டிக்கிட்டு வந்தாங்களாம். ஆளுக்கொரு ஓட்டுப்பெட்டி, பெட்டி மேல ஒரு படம். சோணாசலத்துக்குக் குடை, சங்கையாவுக்கு ஏணி. சீட்டைப் போட்டுட்டு, பெட்டியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டவங்களும் உண்டாம். ஏணிப் பெட்டி நிறைஞ்சு போச்சு. நேத்து வரைக்கும் "ஏய் சங்கையா"ன்னு கூப்பிட்ட சோணாசலமே, "வாங்க தலைவரே"ன்னாராம். அந்த வார்த்தை சங்கையாவுக்கு இனிச்சுச்சாம். மனுசன்தானே.

மறு வருசம் ஐப்பசியில மழை பிடிச்சுது பாருங்க, நிக்கவே இல்ல. கண்மாய் தளும்புது. அங்க காத்தாயின்னு ஒருத்தி, கீழத்தெருக்காரி. புருசன் மடை திறக்கிற ஆளு. அவரு போன பிறகு இருபது வருசமா மடை இவ கையிலதான். நனைஞ்சுக்கிட்டே சங்கையாகிட்ட ஓடி வந்தாளாம்.

"அண்ணே, தெக்குக் கரையில தண்ணி கசியுது. கலுங்குப் பலகையை எடுத்து மிச்சத் தண்ணியை ஓடையில விட்டிரணும். இன்னைக்கே எடுக்கணும்."

வயக்காரங்க குறுக்க வந்தாங்க. "தலைவரே, அஞ்சு வருசம் கழிச்சு நிறைஞ்ச கண்மாய். ஒரு சொட்டு வெளிய விடாதீங்க. ரெண்டு போகம் எடுத்திரலாம்."

சங்கையா கரையில போயிக் குனிஞ்சு பார்த்தாராம். ஈரம் இருக்கு. மழை ஈரமா, உள்ள இருந்து வர்ற ஈரமா? அவருக்குப் பிடிபடல. "எனக்குத் தெரியல காத்தாயி, நீ சொல்றபடி செய்வோம்"கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சாம். சுத்தி நின்ன அத்தனை பேரும் அவரு மூஞ்சியையே பார்க்கிறாங்க. வார்த்தையை முழுங்கிட்டாராம். "கரை தாங்கும். பலகையை எடுக்க வேணாம்"னுட்டாரு.

கரை தாங்கல. மறுநாள் மத்தியானம், கஞ்சி குடிக்கிற நேரம், படார்னு ஒரு சத்தம். சனம் கோயில் மேட்டுக்கு ஓடி உசுரைக் காப்பாத்திக்கிச்சு. கீழத்தெருவுல பதினோரு வீடு இருந்த இடம் தெரியல. பயிரெல்லாம் மண்ணுக்குள்ள. காத்தாயி ராப்பகலா கரையிலேயே காவல் கிடந்தவ. அவ பசுவோட கயித்தை அவுத்துவிட ஆளில்லாம, அதுவும் தண்ணியோட போச்சாம்.

மூணாம் நாள் உடைஞ்ச கரையில ஊரு கூடுச்சு. யாரும் சங்கையாவைத் திட்டல. "வானம் பொத்துக்கிட்டா தலைவரு என்ன செய்வாரு?" சோணாசலமும், "நல்ல மனுசன், அவரே இருக்கட்டும்"னாராம். விவரம் தெரியாத தலைவரு தன்னைத் தேடித்தானே வரணும்னு அவருக்கு ஒரு கணக்கு.

சங்கையா மிஞ்சி நின்ன கரை மேட்டுல ஏறினாராம்.

"மழை மேல பழி போடாதீங்க. காத்தாயி முந்தின நாளே சொன்னா. எனக்குத் தண்ணியைப் பத்தித் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"விடுங்க தலைவரே, நீங்க பொய் சொல்லாத மனுசன்"னு ஒருத்தரு.

"சொல்லிட்டேனேய்யா! கரை தாங்கும்னேனே. தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னது பொய் இல்லாம என்ன? பதினோரு வீடு போச்சு அந்தப் பொய்யில."

இறங்கி வந்து, பதவி வேணாம்னு வாத்தியாரை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டாரு.

மறுபடி தேர்தல் வந்துச்சு. சங்கையா நேரா காத்தாயிகிட்டப் போனாராம். "தங்கச்சி, நீ நில்லு."

"போங்கண்ணே. எனக்கு எழுத்தே தெரியாது. கீழத்தெருப் பொம்பளைக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

"எழுத்து தெரியாதுன்னு அந்த மேட்டுல ஏறி நீயே சொல்லிரு. மிச்சத்துக்கு நான் நடக்கிறேன்."

ஏறினாளாம் காத்தாயி. "எனக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் காயிதம் வந்தாலும் வாத்தியாரு உங்க முன்னால சத்தமாப் படிக்கட்டும். எல்லாரும் கேட்ட பிறகுதான் கைநாட்டு வைப்பேன். ஆனா கண்மாய் எனக்குத் தெரியும்." அவ்வளவுதான், இறங்கிட்டா.

சோணாசலமும் மறுபடி நின்னாரு. சனம் விடல, "ஐயா, உங்களுக்கு எது தெரியாது?"ன்னு கேட்டாங்களாம். "எனக்குத் தெரியாதது இந்த ஊருல என்ன இருக்கு?"ன்னு மீசையை முறுக்கினாராம். யாரோ ஒரு பொம்பளை சிரிச்சிட்டா. அப்புறம் எல்லாரும் சிரிச்சிட்டாங்க.

சங்கையா வீடு வீடா நடந்தாரு. சில வாசல்ல கதவைச் சாத்தினாங்க. மறுநாளும் போயி அதே வாசல்ல நின்னாரு. காத்தாயி முப்பத்திரண்டு ஓட்டுல ஜெயிச்சா. தையில கரை கட்டினப்ப அவ நின்னு வேலை சொல்ல, சங்கையா மண்ணு சுமந்தாராம். "இன்னும் நல்லா மிதிங்கண்ணே"ன்னு அவ அதட்டுவா; அவரு மிதிப்பாரு. அந்த வருசந்தான் அவரு நிம்மதியாத் தூங்கினாருன்னு சொல்லுவாங்க.

ரெண்டு பேரும் போயி எத்தனையோ வருசமாச்சு. கண்மாயும் பாதி தூர்ந்து போச்சு. மேடு மட்டும் நிக்குது. தெரியாதுன்னார் மேடுன்னு கேட்டா வாகையேந்தல்ல யாரு வேணும்னாலும் கைகாட்டுவாங்க. தலைவருக்கு நிக்கிறவங்க எந்தக் கட்சியா இருந்தாலும், மைக்கையும் மாலையையும் கீழ வச்சிட்டு அதுல ஏறி, தனக்குத் தெரியாதது ஒண்ணை ஊரறியச் சொல்லணும். அதுக்கப்புறந்தான் ஓட்டுக் கேக்கணும். "எல்லாம் தெரியும்"னு இறங்கினவங்களும் உண்டுதான். அவங்கள்ல ஒருத்தரும் இதுவரைக்கும் ஜெயிச்சதில்லையாம்.