அறந்தாங்கியில் மைனஸ் நாற்பது

ராஜா: ...மறுபடியுமா? என்ஜின் படம் போட்ட அதே மஞ்ச லைட்டா?

ரூமானா: அதேதான் மச்சான். போன வெள்ளிக்கெழம நீங்க சொல்லச் சொல்ல நான் அணச்சு வச்சேனே, அதே லைட்டு.

ராஜா: சரி... ஸ்டியரிங்குக்குக் கீழ, கோளாறு படிக்கிற அந்தச் சின்ன டப்பாவச் சொருகு. போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஆப்பத் தெற.

ரூமானா: நீங்க போன எடுக்குறதுக்கு முன்னாடியே சொருகிட்டேன்.

ராஜா: பாருடா! பேசாம எங்க ஒர்க்ஷாப்புக்கு வந்துரு. குவைத்துல இப்புடி ஒரு ஆளு கெடைக்க மாட்டேங்குது.

ரூமானா: விசா எடுத்து அனுப்புங்க, வாரேன். சும்மா சொன்னேன் மச்சான். இந்தா, எரர் கோடு வந்துருச்சு. ரெண்டு காட்டுது.

ராஜா: என்னன்னு படி.

ரூமானா: காத்து சென்சாரு... சிக்னல் கம்மியாம். இன்னொண்ணு, உள்ள போற காத்தோட சூட்டப் பத்தி.

ராஜா: ரெண்டும் ஒண்ணாவா? ம்... பவர் பட்டன அமுக்கு. ரெடி வந்துச்சா?

ரூமானா: வந்துருச்சு. ஆனா சத்தமே இல்ல.

ராஜா: ஹைபிரிட்டு வண்டி அப்புடித்தான். பேட்டரி எறங்குனாத்தான் என்ஜினு எந்திரிக்கும். எத்தன தடவ சொல்றது?

ரூமானா: இன்னொருக்கா சொன்னா என்ன கொறஞ்சா போயிருவீங்க?

ராஜா: சரி தாயி. உள்ள போற காத்து எத்தன டிகிரின்னு பாரு.

ரூமானா: மைனஸ் நாப்பது.

ராஜா: மைனஸ் நாப்பதா! அறந்தாங்கியிலயா?

ரூமானா: அப்புடித்தான் போட்ருக்கு.

ராஜா: வெயிலு எப்புடி அங்க?

ரூமானா: மண்டையப் பொளக்குது. ஷெட்டுக்குள்ள நிக்க முடியல, வேர்த்து ஊத்துது... ஏன் சிரிக்கிறீங்க?

ராஜா: சிரிக்கல. இருமல்.

ரூமானா: இருமலா? எப்பருந்து? மாத்திர போட்டீங்களா?

ராஜா: அட, ஏசி இருமல்தான் புள்ள. நீ பானட்டத் தெற. ஏர் பில்டர் டப்பாலேருந்து ஒரு கறுப்புக் கொழா போகும்ல...

ரூமானா: அதுமேலதான் காத்து சென்சாரு. தெரியும்.

ராஜா: அதோட பிளக்கு எப்புடி இருக்கு?

ரூமானா: அது... நல்லாத்தான் இருக்கு.

ராஜா: சரியா மாட்டிருக்கா?

ரூமானா: வேற எதாச்சும் இருக்கும் மச்சான், நிதானமாப் பாப்போமே. இன்னைக்கு லீவுதான ஒங்களுக்கு? ரூம்ல யாரு இருக்கா?

ராஜா: யாருமில்ல. ஜும்ஆ தொழுக முடிஞ்சு எல்லாரும் அப்புடியே மார்க்கெட்டுக்குப் போயிட்டானுங்க. அங்க?

ரூமானா: மாமி கோட்டைப்பட்டினத்துக்கு மக வீட்டுக்குப் போயிட்டாங்க. நம்ம மக பாசிலா காலேஜ் ஹாஸ்டல்ல. நானும் வண்டியும்தான்.

ராஜா: ஒண்ணு பண்ணுவமா? வண்டிய வித்துருவோம்.

ரூமானா: எதுக்கு?

ராஜா: வாராவாரம் ரிப்பேருன்னா ஒனக்குத்தான அலைச்சலு. ஆவுடையார்கோவில் அசாருதீன் கேட்டுக்கிட்டே இருக்கான். சாயங்காலம் மெக்கானிக் ஆத்மநாதனக் கூட்டிக்கிட்டு வந்து பாக்கட்டும்.

ரூமானா: மெக்கானிக்கெல்லாம் வேணாம்.

ராஜா: பானட்டத் தெறந்த ஒடனே கண்டுபிடிச்சிருவாரு...

ரூமானா: அதான் வேணாங்குறேன்ல!

ராஜா: அப்ப இப்புடியே போட்டு வைக்கவா? இரு, நான் அசாருக்குப் போனப் போடுறேன்.

ரூமானா: போடாதீங்க மச்சான். வண்டி போயிட்டா... எங்கிட்ட நீங்க பேசுறதுக்கு என்ன இருக்கு?

ராஜா: என்ன புள்ள இப்புடி...

ரூமானா: மத்த நாளு "சாப்ட்டியா"ம்பீங்க. "சாப்ட்டேன்"ம்பேன். "பாசிலா பேசுனாளா"ம்பீங்க. அப்புறம் "வைக்கட்டா". வண்டி கெட்டாத்தான் எங்கூடவே நிக்கிறீங்க. அதான்... பிளக்க நாந்தான் உருவி விட்டேன். போன வாரமும் நாந்தான்.

ராஜா: தெரியும்.

ரூமானா: தெரியுமா!

ராஜா: இதுதான புள்ள எனக்குப் பொழப்பு. அந்த ரெண்டு கோடும் ஒண்ணா வந்து, காத்தும் பனிக்கட்டியா இருந்தா, பிளக்கு வெளிய கெடக்குன்னு அர்த்தம்.

ரூமானா: அப்ப ஏன் மொதல்லயே சொல்லல? வெயில்ல நிக்க வச்சுக்கிட்டு...

ராஜா: சொன்னா மாட்டிருவ. மாட்டுனா லைட்டு போயிரும். நீயும் "வைக்கட்டா"ம்ப. எனக்கு மட்டும் இங்க யாரு இருக்கா?

ரூமானா: ...அப்ப விக்கிறதுன்னது?

ராஜா: அது சும்மா. நீயாச் சொல்றியான்னு பாத்தேன்.

ரூமானா: பாவி மனுசா! உசுரே போயிருச்சு எனக்கு.

ராஜா: அழுவுறியா?

ரூமானா: இல்ல, வேர்வ. ...மச்சான், ஒண்ணு சொன்னா நம்புவீங்களா?

ராஜா: சொல்லு.

ரூமானா: மொதத் தடவ மட்டும் நான் இல்ல. அல்லா மேல ஆணையா. நீங்க குவைத்துக்குச் சபுரு போன மறுவாரம், பாசிலாவ பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு வரையில தானா எரிஞ்சுச்சு. நீங்க போன்ல சொல்லித்தான் பிளக்கு கழண்டு கெடந்ததையே பாத்தேன். அன்னைக்கு எம்புட்டு நேரம் பேசுனோம்... அதுலதான் எனக்கு இந்தப் புத்தியே வந்துச்சு. ஆனா அது எப்புடிக் கழண்டுச்சுன்னுதான் இன்னமும் வெளங்கல.

ராஜா: அது தானாக் கழலல புள்ள. ஏர்போர்ட்டுக்குக் கெளம்புற அன்னைக்கு, வண்டியக் கழுவுறேன்னு போயி, அந்தப் பிளக்கோட லாக்க நாந்தான் நெம்பி விட்டுட்டு வந்தேன்... ரோட்டுல குலுங்குனாக் கழண்டுரும், நீ எனக்குப் போன் போடுவன்னு.