வாசல் நிலையில் ஒரு கோடு

காலை ஐந்தே முக்கால். கண்ணை மறைக்கும் பனி. கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் ஒரு நாய்கூட இல்லை... சைக்கிளில் ஒரே ஒரு ஆள், மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு போனார். நம் தெருவுக்கு வருகிற எலக்ட்ரீஷியனுக்குத் தாய்மாமன், தச்சர். எதையும் மூன்று முறை அளக்காமல் அறுக்க மாட்டார் என்பதால் ஊரே அவரை 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடும். கிட்ட வந்து உட்காருங்கள், இதை உரக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தோட்டத்துக்குள் நூறு வருஷப் பழைய காவல்காரர் வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைச் சீர்செய்து, மேசை நாற்காலி போட்டு, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படிக்கும் இடமாக்க குடியிருப்போர் சங்கம் முடிவு செய்தது. பிணத்துக்குப் பக்கத்தில் பாடமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். மில்லிமீட்டர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் வேலையை ஏற்றுக்கொண்டார்.

வாசல் நிலையில் ஏழு பூச்சு பெயின்ட். சுரண்டச் சுரண்ட, அடியில் கத்தியால் கீறிய கோடுகள்... முழங்கால் உயரத்தில், இடுப்பு உயரத்தில், தலை உயரத்தில். ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக ஒரு சின்ன வெட்டு. காவல்காரர் தன் பிள்ளைகள் வளர வளர அளந்து வைத்திருக்கிறார் என்று நினைத்து மனிதர் உருகிப்போனார். மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கினார். அதோடு நின்றாரா? ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுவந்த ஏழு வயது மகளை நிலையோடு ஒட்டி நிறுத்தி, தலைக்கு நேராக உளியால் ஒரு கோடு போட்டார்.

"அப்ப நானும் இந்த வீட்டுப் பிள்ளையாப்பா?" என்று அவள் சிரித்தாள்.

அன்று சாயங்காலம், முன்பு அங்கே குழி வெட்டிக்கொண்டிருந்தவர் வேடிக்கை பார்க்க வந்தார். கோடுகளை விரலால் தடவினார். இதெல்லாம் குழி அளவு என்றார். அந்தக் காலத்தில் வெட்டுகிறவர்களுக்கு எழுதத் தெரியாது. பிணத்தைக் கயிற்றால் அளந்து, நீளத்தை நிலையில் கீறி வைப்பார்களாம். அடக்கம் முடிந்ததும் குறுக்கே ஒரு வெட்டு.

"இது ஒண்ணுல மட்டும் வெட்டு இல்லையே... இன்னும் வரலையா?"

வந்தவர் போனதும் மில்லிமீட்டர் இழைப்புளியை எடுத்து அந்தக் கோட்டைச் சீவித் தள்ளினார். வீட்டுக்குப் போனால் மகளுக்கு அனலாய்க் காய்ச்சல். மருந்துக்கு அடங்கவில்லை. விடிய விடிய, மண் ஈரமாக இருக்கிறது, குளிருகிறது என்றே அனத்தினாள்.

அதனால்தான் அந்தப் பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். கதவைத் திறந்து டார்ச் அடித்தார். சீவிய இடத்தில் கோடு அப்படியே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் சத்தம்... சரக்... சரக்... மண்வெட்டி. போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. ஈர மண் வாடை. புதிதாக ஒரு குழி, சின்னது. இன்ச் டேப்பைப் போட்டார். மகளின் உயரம், ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

பெற்ற மனம் அப்போது வேறெதையும் யோசிக்கவில்லை. உள்ளே ஓடி, நிலையோடு ஒட்டி நின்று, தன் தலைக்கு நேராக உளியை இறக்கினார்.

"அவளை விட்டுடு. இந்தா, என் அளவு."

பின்பக்கம் மறுபடியும் சரக்... சரக்... திரும்பிப் பார்த்தால், மகளின் கோட்டைக் காணோம். வீட்டில் அவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள்.

அந்த வீட்டில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். பின்னால் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு குழி. மூட மூடத் திறந்துகொள்கிறதென்று சங்கம் வேலி போட்டுவிட்டது. மில்லிமீட்டரை நீங்களும் பார்த்திருப்பீர்கள், கூனிக்கூனி நடப்பார். முதுகு வலி என்று நினைத்திருப்பீர்கள். தூங்கும்போதுகூட முழங்காலை மடக்கித்தான் படுப்பாராம். குழிக்கு ஆள் பொருந்திவிடக் கூடாதல்லவா?

போன வாரம் வேலி தாண்டிப் போய் அளந்திருக்கிறார். குழியும் ஒரு சாண் குட்டையாகியிருந்ததாம்.